நான் தூக்கிய கை

இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறேன், எங்கள் டிப்போவில் ஒரே பெண் டிரைவர். எதிரே எங்கள் பஸ் வந்தால் போதும், ஸ்டீயரிங்கிலிருந்து வலது கை தானாக மேலே போகும். எதிர் டிரைவரும் தூக்குவார். முந்தின நாள் டிப்போவில் வாய்ச்சண்டை போட்டிருந்தாலும் தூக்குவோம். டிரைவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் என் தோழியைக் கீழே தள்ளியது.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘கறார்’. காலை இழந்த குழந்தைகளுக்குச் செயற்கைக் கால் வாங்க நிதி திரட்டும் சைக்கிள் பயணம் ஒன்று, நூற்றைம்பது கிலோமீட்டர். அதில் தன் பெயரோடு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

“நாள் பூரா உக்காந்துதானே வேலை பாக்குறே? இதையும் உக்காந்துக்கிட்டே மிதி” என்றாள்.

நாற்பத்தாறு வயதில் எனக்குத் தேவையா இது! ஆனால் அவளிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த எத்தனையோ பேரைத் திட்டியும் கெஞ்சியும் நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியவள். அவள் முன்னால் நானெல்லாம் தூசி.

தினமும் விடிந்ததும் பயிற்சிக்குக் கிளம்புவோம். நான் முன்னால், அவள் பின்னால். காற்றில் பேச்சு காதில் விழாது என்பதால் எல்லாம் கைஜாடைதான். பள்ளம் என்றால் விரலால் கீழே காட்டுவேன். கையை உயர்த்தினால் உடனே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று அவள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். என் கையை அப்படி நம்பினாள்.

அன்று மழை விட்டிருந்தது. இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஏழாம் நம்பர் பஸ் வந்தது. என் கை மேலே போய்விட்டது.

பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தொடை எலும்பு முறிந்துவிட்டது, விலாவில் மூன்று. ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டில் உட்கார்ந்து அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

“காலைத் தொடாதே. தலையை மட்டும் பிடி. நீ அழுது என்ன ஆகப்போகுது?” என்று அந்த நிலையிலும் எனக்குப் பாடம் எடுத்தாள். என்ன பிறவியடி நீ!

தொடைக்குள் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் அவள் அறைக்குள் நுழைந்ததுமே அவள் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

“நீங்க மட்டும் கூட இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ! இவதான் அவசரப்பட்டு பிரேக்கை அமுக்கிட்டாளாம். இவளே சொன்னா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிபட்டதில் அவளுக்கு மறந்துவிட்டதா? வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இவள் முகத்தில் நான் இனி விழிக்க முடியாது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

“அண்ணே, போகாதீங்க. நீங்களும் கேட்டுக்கங்க” என்றேன். பஸ் வந்தது, கை தூக்கியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. “மூணு நாளா இதை மறைச்சுட்டு, இப்போ என் கும்பிடையும் வாங்கிக்கிட்டீங்களே” என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“எனக்குத் தெரியும்” என்றாள் கறார். “அந்த பஸ்ஸை நானும் பாத்தேன். விழும்போதே புரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் ஏண்டி பழியை உன்மேல போட்டுக்கிட்டே?”

“ஈர ரோட்டுல முன் பிரேக்கை அப்படி அமுக்கினது நான்தானே? என் தப்பை நான் சொன்னேன். உன் தப்பை நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன். மூணு நாளா, எருமை?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. இப்படி ஒருத்தி எனக்குத் தோழியா என்று மலைத்துப்போய் நின்றேன்.

அப்போது அவளோடு வேலை பார்க்கும் பெண் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு கறார் முதன்முதலாக எழுந்து நிற்கப்போகிறாள். ஒரு பக்கம் அந்தப் பெண், மறுபக்கம் இன்னொருவர் தாங்க வேண்டும். கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க இருங்க” என்றாள் கறார். “அவ பிடிக்கட்டும்.”

“இவங்களா?” என்றார் அவர்.

“அவதான்.”

“வேண்டாம்டி. எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான் பயமா இருக்கு. வா.”

அவர் நாற்காலியை இழுத்து எனக்கு வழி விட்டார். அவள் என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், தன் முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு எழுந்தாள்.