இரண்டாம் பாதியில் அவள் இல்லை

1

இது கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. பெரம்பலூரில் சிற்றிதழ் நடத்தும் சிங்காரவேலு போன் செய்தார். “‘புளியம்பூ நாட்கள்’ மறுபடி ரிலீஸ் ஆவுதாம் சார். இத்தன வருசமா தலையில வச்சுக் கொண்டாடுறோமே, அதுக்கு அந்தப் படம் தகுதிதானான்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். ஒப்புக்கொண்டேன்.

(படத்தின் பெயர் நான் வைத்தது. உண்மைப் பெயரைச் சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டுப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.)

முதலில் எழுதிய வரி: “தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவருக்குள்ளும் இந்தப் படம்

ஒவ்வொருவருக்குள்ளுமா? நிறுத்திவிட்டேன். அடுத்து ஒளிப்பதிவிலிருந்து தொடங்கினேன். அதுவும் நகரவில்லை. தியேட்டரில் நடந்ததைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் பற்றி எனக்கு இனி எதுவும் எழுத வராது போலிருக்கிறது.

2

படம் பார்க்காதவர்களுக்காக: பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன், கூடப் படிக்கும் பெண்ணை விரும்புகிறான். தினமும் அவள் ஏறும் பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு போகிறான். பேசுவதில்லை. ஒருநாள் அவள் திரும்பிப் பார்க்கிறாள். இடைவேளை. அப்புறம் அவன் சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளாகி ஊர் திரும்புகிறான். பஸ் ஜன்னலில் விழும் சாயங்கால வெயிலை அவ்வளவு அழகாக வேறு யாரும் எடுத்ததில்லை என்பது என் கருத்து. இப்போதும் அதில் மாற்றமில்லை.

படம் முதலில் வந்தபோது நாங்களும் அரியலூரில் பிளஸ் டூ. அதனால் வகுப்பு வாட்ஸப் குழுவில், எல்லோரும் சேர்ந்தே பார்ப்போம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்குச் சொந்தக்காரனான வகுப்புத் தோழன் ஆண்டவர் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தான். ஜெயலட்சுமி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பரீட்சைக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டுப் போனவள். இப்போது செந்துறைப் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் செயலாளர். குழுவில் அண்மையில்தான் சேர்த்திருந்தார்கள்.

(ஆண்டவரைக் கெட்டவனாக எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவன் அவன். அதை அழிக்க மனம் வரவில்லை.)

3

இடைவேளையில் டீக்கடை முன்னால் நின்றிருந்தோம். ஆண்டவர் குஷியாக இருந்தான்.

“அந்த பஸ் சீனப் பாத்துட்டுத்தான்டா நானும் செந்துறை பஸ்ஸுல கெடையா கெடந்தேன். வேணும்னா ஜெயாவக் கேளுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலட்சுமி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அதனாலதான் எங்கப்பா என்னயப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனாரு. உங்களுக்குத் தெரியுமா?”

(எங்களிடமெல்லாம் அவள் வா, போ என்றுதான் பேசினாள். அவனிடம் மட்டும் ‘நீங்க’.)

ஆண்டவரின் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு யாரும் சொல்லலியே ஜெயா. நான் உங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல. சும்மா பின்னாடி உக்காந்திருந்தேன்.”

“படத்துலயும் அவன் சும்மாதான உக்காந்திருக்கான்.”

அவளே தொடர்ந்தாள். “யாரோ எங்கப்பாகிட்ட சொல்லிட்டாங்க. ‘நீயும் திரும்பிப் பாத்தியாமே’ன்னு கேட்டாரு. யாரு பின்னாடியே வர்றதுன்னு பயந்துதான் திரும்புனேன். அத எப்புடிச் சொல்லி நம்ப வைக்கிறது? வைகாசியில கல்யாணத்த முடிச்சிட்டாங்க. ரெண்டு புள்ளைக்கி அப்பறம்தான் பிரைவேட்டா பரீட்ச எழுதுனேன்.”

மணி அடித்தது. வீட்டுக்குக் கிளம்புகிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

“எதுக்கு? நான் இந்தப் படத்த இதுவரைக்கும் பாத்ததே இல்ல கோகுலு. அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

4

இருட்டில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “எங்கடா அவ?”

“கடைசில வருவா.”

எத்தனையோ முறை பார்த்த படம். இரண்டாம் பாதியில் அந்தப் பெண் இல்லவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கடைசியில் வந்தாள். ரேஷன் கடை வரிசையில், இடுப்பில் குழந்தையோடு, காரிலிருந்து இறங்கும் அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பக்கத்தில் ஜெயலட்சுமியும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வரும்போது, “நல்லாத்தான் எடுத்திருக்கான். அதான்டா கஷ்டமா இருக்கு” என்றாள்.

சிங்காரவேலுவுக்கு நான் எழுத வேண்டியிருந்த நாலு பக்கமும் இதுதான். கட்டுரை இங்கே முடியலாம். கதை முடியவில்லை.

5

ஒரு முடிவு: ஆண்டவர் எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிடுகிறான். சிங்காரவேலுவுக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.

இன்னொன்று: அவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறான். “லாரிப் புழுதிக்குள் அவன் மெல்ல

வேண்டாம். அதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது. இரண்டாம் பாதி முழுக்க வெளியிலேயே உட்கார்ந்திருந்த ஆண்டவர் எங்களிடம் வந்தான். ஜெயலட்சுமியைப் பார்த்து, “எம் பொண்ணு இப்ப பிளஸ் டூ” என்றான்.

“அப்புடியா? நல்லாப் படிக்கிறாளா?” ஜெயலட்சுமி அக்கறையோடுதான் கேட்டாள்.

“நல்லாப் படிக்குது. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு நிக்கிது.”

“படிக்கட்டும். பஸ்ஸுலயா போவுது?”

“சேச்சே, இல்ல. நானே கார்ல கொண்டு விட்டு, நானே வூட்டுக்குக் கூட்டியாந்துடுவேன்.”

“ஏன்?”

குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

இந்த இடத்தில் ஆண்டவரின் வாயில் ஒவ்வொரு பதிலாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே நான் எழுதிக் கொடுத்து அவன் பேசுகிற மாதிரியே இருந்தன. அடித்துவிட்டேன். அவன் உண்மையில் சொன்னதை எழுதலாம்தான். அதைப் படித்துவிட்டு நீங்கள் அவனை மன்னித்துவிடுவீர்கள், அல்லது வெறுத்துவிடுவீர்கள். இரண்டையும் என் பொறுப்பில் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அவன் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாக எழுதலாம். ஜெயலட்சுமிக்கு அவசரம் ஒன்றுமில்லை.