தண்ணீருக்குள் மட்டும் நீலம்

தலையணை உறையை மாற்றுவதற்காகக் கணவருடைய தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தவள், அதில் கனமே இல்லாததை உணர்ந்து, தலையணையை உருவ மறந்து அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலின் மறுபுறம் இருந்த மகள்தான் பழைய உறையைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். இன்றோ நாளையோ என்று மருத்துவர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மெதுவா இறக்கு," என்றார் அவர். "பொத்துனு விட்டா கம்ப்ளைன்ட் வரும்."

முப்பத்தெட்டு ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்தவர். இருட்டுக் குழியின் அடியில் நின்று மேலிருந்து வருவதைப் பார்த்தே ஆயுள் கழிந்துவிட்டது, இனிக் கீழிருந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஓய்வு பெற்ற ஆண்டிலேயே திமிங்கலம் பார்க்கும் படகில் அவளையும் ஏற்றினார். ஒன்பது நாடுகள், ஒன்பது கடல்கள். அவர் எடுத்த படங்கள் எதிலும் திமிங்கலம் இல்லை. பொத்தானை அழுத்துவதற்குள் அது போயிருக்கும். உலகத்திலேயே அதிகமாகத் தண்ணீரைப் படம் பிடித்தவர் அப்பாதான் என்பது மகளின் ஓயாத கேலி.

படகில் கணவன் மனைவிக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. முதலில் பார்ப்பவர் கத்தக் கூடாது. கத்தினால் எல்லோரும் அந்தப் பக்கம் பாய்வார்கள். குள்ளமான அவருக்குப் பிறர் முதுகுகள்தாம் தெரியும். ஆகவே மற்றவரின் தோளை இருமுறை தட்ட வேண்டும். பெரும்பாலும் தட்டியவள் அவளே. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் கீறல்களைத் தேடித் தேடிப் பழகிய கண்கள் அவளுடையவை.

"எல்லாம் பாத்தாச்சு," என்று மகளிடம் சொன்னார். "பெரியவன்தான் கடைசிவரைக்கும் கண்ணுல படல." நீலத் திமிங்கலத்தை அவர் அப்படித்தான் குறிப்பிடுவார். "போகட்டும். உங்கம்மாவும் பாக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே ஏமாத்தம். அதுல ஒரு நிம்மதி."

மகள் சிரித்தாள். தாயோ கழற்றிய உறையை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். அது துவைக்கப் போட வேண்டியது.

மகள் மருந்துக் கடைக்குக் கிளம்பியதும் அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க. நான் பாத்தேன்."

"எதை?"

"பெரியவனை."

மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை வரிசை மாறாமல் சொன்னாள். கடைசிப் பயணத்தின் இரண்டாம் நாள், அலை மிகுந்த முற்பகல். படகில் வேறு பயணிகள் இல்லை. குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவர் கீழ்த்தளத்துப் பலகையில் படுத்துவிட்டார். ஏதாவது வந்தால் எழுப்பச் சொல்லியிருந்தார். வந்தது. அவளுடைய மொழி தெரியாத படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே இருப்பவரைக் கூப்பிடவா என்று சைகையில் கேட்டான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"நேரம் இல்லாம இல்ல. பன்னெண்டு நிமிஷம் பக்கத்துலயே கெடந்துச்சு. நான்தான் எழுப்பல."

அவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு அவளிடம் விடை இருந்தது. எட்டுக் கடல்களில் அவருக்காகவே தேடியவள், தட்டுவதற்குத் தோள் எதுவும் அருகில் இல்லாத அந்த முற்பகலில்தான், தனக்காகவே பார்ப்பதை முதன்முறையாக உணர்ந்தாள். அதைப் பங்கிட மனம் வரவில்லை.

அவர் கேட்டது வேறு: "நீலமாவா இருந்துச்சு?"

"மேல வந்தா சாம்பல்தான். தண்ணிக்குள்ள இருக்கறப்ப மட்டும் நீலம்."

அவர் தம் கையை அவளிடமிருந்து மெல்ல விடுவித்துத் தம் மார்பின்மேல் வைத்துக்கொண்டார். கண்கள் மூடியிருந்தன. வலியா, கோபமா, சொன்னதை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின் அவர் அவளிடம் எதுவும் பேசவில்லை.

மகள் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தாள். எட்டாமல் போய்விட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் அவள் சமையலறைக்குச் சென்று, சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் சேர்த்துத் தேய்த்தாள். மாலை வெயில் சன்னலிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. குழாயை மூடியபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியே அவளை அறைக்கு இழுத்து வந்தது.

மகள் தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்திருந்தாள். அவர் கை மகளின் கைக்குள் இருந்தது.

"எப்ப?"

"இப்பதான்... இல்லம்மா, கொஞ்ச நேரமாச்சு. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம்." மகள் நிமிரவில்லை. "என் முகத்தையே பாத்துட்டிருந்தாரு. எழுந்துக்க முடியலம்மா."

சமையலறை எட்டடி தூரத்தில் இருந்தது. ஒரு குரல் போதும். முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். ஏன் என்று கேட்க வாய் திறந்தாள். கேட்கவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். மகளின் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அவள் விரலிலிருந்த சோப்பு நுரை மகளின் காதோரத்தில் ஒட்டிக்கொண்டது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.