மூன்றாம் முறை கேட்காத ஏஜென்ட்

1

இந்தக் கதை ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. யார் சொன்ன வேண்டாம் என்பதை மறைத்தே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நல்ல குடும்பத்துப் பெயர் இதில் இருக்கிறது. முடியவில்லை. ஆகவே மரியாதையோடு சொல்கிறேன்: ஆரோக்கியமுத்து அவர்கள், திருக்கோகர்ணம்.

முதல் தொடக்கம்: "கம்ப்யூட்டர் வந்த பிறகு மனித உறவுகள்...

(அடித்துவிட்டேன். மேடைப் பேச்சு.)

இரண்டாவது தொடக்கம், அவருடைய மருமகள் ஜாஸ்பினிடமிருந்து. அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு, ஏஐ ஏஜென்டுக்கான கையேடு எழுதுகிறாள். ஏஐ ஏஜென்ட் என்பது நாம் சொன்ன வேலைக்காகத் தானே பிரவுசரைத் திறந்து, பக்கம் பக்கமாகப் போய், கட்டம் நிரப்பி, பட்டன் அமுக்கி முடித்துவைக்கும் புரோகிராம். அதற்கான கருவிகளை எப்படிக் கையாள்வது என்று அவள் எழுதுவதை வாசிக்கப்போவதும் அந்த ஏஜென்ட்தான். என் வாசகரான நீங்கள் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போய்விடலாம். அவளுடைய வாசகர் எழுதியதை எழுதியபடியே செய்யும். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை.

2

"பக்கம் முழுதாக வரும்வரை காத்திரு. பதிவு செய்யும் முன் உரியவரிடம் கேள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு; மறுபடி கேட்காதே."

இது ஜாஸ்பின் எழுதியது. மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, 'காத்திரு, கேள்'னு அதட்டுறே? அதுவும் வேலை பாக்குற ஆளுதானே."

"ஆளில்ல மாமா."

"இருந்தாலும்."

(அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே ஆசிரியர் கருதுகிறார்.)

எழுதியதைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வேலை இருந்தது. அவள் தம்பி பெலிக்ஸுக்குச் சென்னையில் கல்யாணம். கணவன் சார்லஸ் குவைத்தில். புருஷன் வீட்டு ஆண் ஒருவர்கூட வராமல், பிறந்த ஊரான ஆவூரிலிருந்து வரும் சொந்தங்கள் முன்னால் அவள் எப்படி நிற்பாள்? மாமனார் வந்தே ஆக வேண்டும். பஸ்ஸில் சீட் போடுவதை ஏஜென்டிடம் விட்டாள்.

அது மாமனார், மாமியார் இருவர் போனுக்கும் கேள்வி அனுப்பியது: உங்களுக்கு சீட் பதிவு செய்யலாமா?

மாமியார் ஜெபமாலையம்மாள் உடனே "செய்" என்றார். ஆரோக்கியமுத்து, "வேண்டாம். எதற்குச் சிரமம்" என்று தட்டினார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அந்தக் குடும்பத்தில் முதல் அழைப்புக்கே சரி என்பது அலைகிறவன் செய்யும் காரியம். முதல் முறை 'வேண்டாம்'. இரண்டாம் முறை 'பார்க்கலாம்'. மூன்றாம் முறைதான் எழுந்து சட்டை மாட்டுவது. [இதற்கு ஒரு பெரியப்பாவும் ஒரு ஆட்டுக்கறி விருந்தும் உதாரணமாக உண்டு. குடும்ப விஷயம், எடுத்துவிட்டேன்.]

ஏஜென்ட் "சரி" என்றது. சாப்பாடு முடிந்த பின்னும் அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

3

மறுநாள், தனக்கும் மாமியாருக்கும் மட்டுமே சீட் பதிவாகியிருப்பதைப் பார்த்து ஜாஸ்பின் பதறினாள்.

"நீங்க வரலையா மாமா?"

"அது ஒருதரம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு பேச்சையும் காணோம்."

"வேணாம்னா விட்டுரும் மாமா. நாந்தான் அப்படி எழுதியிருக்கேன்."

"எழுதுனவளுக்கு நம்ம வீடு தெரியும்ல?"

அடுப்படியிலிருந்து ஜெபமாலையம்மாள் குரல் கொடுத்தார்: "இவுகள வெத்தல பாக்கு வச்சுல்ல அழைக்கணும். மிசினுக்குக் கையில்லையே தாயி!"

ஜாஸ்பின் கையேட்டைத் திறந்தாள். 'வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு முறை கேள்' என்று மாற்றினாள். (இந்த இடத்தில் நான் கைதட்டினேன்.) பிறகு அழித்தாள்.

"நெசமாவே வேணாங்குறவுகளையும் போட்டு நச்சரிக்கும் மாமா. மிசின் திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவு. மனுசங்க கேட்டாத்தான் மரியாதை."

அதற்கு ஆரோக்கியமுத்து அவர்கள் கம்பீரமாக, "

(அப்படியே விட்டுவிடுகிறேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.)

4

பஸ்ஸில் இன்னும் ஒரே ஒரு சீட் இருக்கிறது, கடைசி வரிசையில்.

ஒரு முடிவு: அவரே, "எனக்கும் போடும்மா" என்கிறார். எழுத என் கை வரவில்லை. இன்னொரு முடிவு: பஸ் அவரில்லாமல் புறப்படுகிறது. அப்படியானால் ஜாஸ்பினின் முகத்தை நான் எழுத வேண்டியிருக்கும். மாட்டேன்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, எந்தம்பி கல்யாணத்துக்கு வாங்க."

"பாக்கலாம்மா."

(கவனித்தீர்களா? ஏஜென்ட் கேட்டதை முதல் முறையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பெருந்தன்மை.)

மறுபடி கேட்க அவள் வாய் திறந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. ஓடினாள். பாலைப் பொங்க வைத்தது நான்தான். வேறு வழி தெரியவில்லை.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வேட்டி நேற்றே இஸ்திரி போட்டாகிவிட்டது. இதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம். அந்த சீட் எந்த நேரமும் போய்விடலாம். இப்போது அவருக்கு எதிரே இருப்பது நீங்கள் மட்டும்தான்.

கேளுங்கள். இன்னும் ஒரே ஒரு முறை.