பால்காரியின் பெயர்

அன்று சாயங்காலம் என் மனைவி அஞ்சலாட்சி முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரான்சில் ஒரு சிற்றூரில் உண்மையாகவே நடந்த கொலை வழக்கு.

“பக்கிரிய உள்ள போட்டுட்டாங்களா?”

“போட்டாச்சு.”

“அவன் செய்யல. செத்தவனோட மச்சான்காரன்தான். எழவு வீட்டுல உக்காந்துகிட்டு சூப்புல உப்பு பத்தலன்னு கேட்டான் பாருங்க, அவனேதான்.”

“நாளைக்குத் தெரிஞ்சிடும்.”

“நான் இல்லாம மேல படிச்சிடாதீங்க.”

“படிக்கல.”

பருப்பை உலையில் போட எழுந்து போனாள். மறுநாள் மத்தியானம் நான் வேலை பார்த்த மில் ஆபீசுக்கு ஆள் வந்து, தெருக்குழாயடியில் அவள் விழுந்துவிட்டதாகச் சொன்னான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்கொடி இறங்கியதும் பிரான்சுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் விட்டுப்போன புத்தகங்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அந்தப் பெயர்கள் வாயில் நுழையவும் இல்லை. அதனால் அவளே பெயர் வைத்தாள். கொலைப்பழி விழுந்தவன் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன் என்று நான் சொன்னவுடன், “அப்ப நம்ம பக்கிரின்னு வெச்சுக்கலாம்” என்றாள். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பக்கிரிக்குத் தெரியாமலே அவன் கதைக்குள் போய்விட்டான். செத்தவனுக்கு மட்டும் பெயர் வைக்க மாட்டாள். “உசுரோட இருக்கிறவங்க பேர எதுக்கு அதுல கொண்டுபோய்ப் போடணும்?” என்பாள்.

முந்தின நாள் கேட்டதைக் குழாயடியில் சொல்லுவது அவள் வழக்கம். “நேத்து பக்கிரிய போலீஸ் புடிச்சிடுச்சு” என்று சொன்னதை அடுத்த தெருக்காரி ஒருத்தி நிஜமென்று நம்பிவிட்டாள். சேதி தவளக்குப்பம் வரை போய், பக்கிரியின் மாமியார் மணியம்மாள் அழுதுகொண்டே பஸ் ஏறி வந்துவிட்டாள். மருமகன் கடையில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “எப்ப வுட்டாங்க?” என்று கேட்டாளாம். தெருவே சிரித்தது. பக்கிரியும் சிரித்தான்.

அஞ்சலாட்சி போன பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. வேறு புத்தகங்கள் படித்தேன். பேய்க்கதை ஒன்று. செத்துப்போன மனைவி இரவில் வந்து புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் அலறிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறான். எனக்குப் பயமே வரவில்லை. கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம் அவன். அடுத்து, இந்தோசீனாவில் இருந்த ஓர் அதிகாரி எழுதிய தன் வரலாறு. குதிரைகளைப் பற்றி முழு அத்தியாயம் எழுதியவர், ‘அவ்வருட மழைக்காலத்தில் என் மனைவி காலமானாள்’ என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் என்று புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு, என்னைக் கேட்டால் நான் என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். குழாயடியில் விழுந்தாள் என்பதற்கு மேல் எனக்கும் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிரி வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றான்.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கொன்னேனா, இல்லியா?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“அண்ணி சொன்ன கத. தீவாளிக்கு மாமியா வூட்டுக்குப் போனா, கெழவி இன்னமும் அருவாமனைய எடுத்து உள்ள வைக்குது. சிரிச்சுக்கிட்டேதான் வைக்குது, ஆனா வைக்குது. கடைசில என்ன ஆச்சுன்னு கேக்குது.”

“கடைசி நானும் படிக்கலப்பா. அவ இல்லாம படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தா.”

பக்கிரி தலையைக் குனிந்துகொண்டான். “அப்ப வேணாண்ணே” என்றான். ஆனால் போகவில்லை. “அண்ணி மட்டும்தான் நான் செய்யலன்னு குழாயடியில அடிச்சுப் பேசுச்சாம். அதான் கேட்டேன்.”

நான் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். பருப்பு பொறுக்கிய இடத்தில் அவனை உட்காரச் சொன்னேன். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

கோர்ட்டில் ஒரு புதுச் சாட்சி வந்தாள். பால் ஊற்றுகிற கிழவி. கொலை நடந்த நேரத்தில் பக்கிரி தன்னுடைய பால்வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்ததாகச் சொல்லி, யார் மிரட்டியும் மாறாமல் நின்றாள். அவனை விடுதலை செய்தார்கள். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மச்சான் பேச்சே அப்புறம் வரவில்லை. நிஜ வழக்கு அல்லவா, அப்படியே முடிந்துபோயிருந்தது.

பக்கிரி மூச்சுவிட்டான். “அந்தக் கெழவி பேரு என்னண்ணே?”

“மதாம் குர்த்துவா.”

“வாயில நொழையல. தமிழ்ல?”

“வெக்கல. பேரு வெக்கிறது அவதான்.”

“அஞ்சலாட்சின்னு வெச்சுக்கலாமாண்ணே? எனக்காகப் பேசுனது அதுதானே.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் பெயரைக் கதைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் வற்புறுத்தவில்லை. மாமியாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனான்.

அதற்குப் பிறகும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிரெஞ்சில் எந்தக் கொலைகாரன் வந்தாலும், எந்தத் தளபதி வந்தாலும், எங்கள் முத்தியால்பேட்டையில் ஒரு பெயர் தேடி வைத்துவிடுகிறேன். பால்காரி மட்டும் இன்னும் மதாம் குர்த்துவாதான்.