உப்பில்லாத ஒன்பது நாட்கள்

"உப்பா? ஒன்பது நாளா கண்ணுலயே காட்டல டாக்டரம்மா. ரசத்துக்குக்கூடப் போடல. அவனுக்காக வீட்டுல நாங்களும் யாரும் தொடல."

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"மதுரையில சொன்னாக. வேர்வையில உப்பு ரொம்பக் கூடிப்போச்சாம். எங்க கொழுந்தனாருக்கு மூத்திரத்துல சர்க்கரை கூடுச்சுன்னு சர்க்கரையத்தான நிறுத்தச் சொன்னாக? அது மாதிரிதான இதுவும்?"

இதைச் சொல்லும்போது பஞ்சம்மாளின் குரலில் பெருமை இருந்தது. ஒன்பது நாளும் வாய்க்கு விளங்காத சோற்றை விழுங்கியவளுக்கு அந்த அளவு பெருமைகூட இல்லாமல் போகுமா. அவளுடைய மகன் அருண்பாண்டி, பதினைந்து வயதுக்காரன், கம்பம் நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கட்டிலில் வயிறு வீங்கிக் கிடந்தான். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். அவன் கால்மாட்டில் நின்ற அக்கா மகாலட்சுமி தன் கல்லூரிப் பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பைக்குள் விலங்கியல் நோட்டு இருந்தது. நோட்டுக்குள் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

டாக்டர் ஷெரின் பக்கத்து ஊரான போடிக்காரி. பெரிய பெரிய வார்த்தை பேசி ஆளை மிரட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. பேனாவை மூடிவிட்டுக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

"இது சர்க்கரை மாதிரி இல்லம்மா. நம்ம உடம்புல உப்பு போய்வர சின்னச் சின்னக் கதவு கோடிக்கணக்குல இருக்கு. அதுல ஒரு வகைக் கதவு உங்க மகனுக்குப் பிறந்ததுல இருந்தே சரியாத் திறக்காது. குடலுக்குள்ள அந்தக் கதவு வழியா உப்பு போனாத்தான் பின்னாடியே தண்ணியும் போகும். தின்ன சாப்பாடு வழுக்கிக்கிட்டு நகரும். கதவு திறக்கலைனா குடல் காஞ்சுரும். உள்ள இருக்கறது பசை மாதிரி ஒட்டிக்கிரும்."

"வேர்வையில கூடிப்போச்சுன்னாகளே?"

"அங்கன அதுக்கு வேலை தலைகீழ். வேர்வையோட வெளிய போற உப்பை அந்தக் கதவுதான் திரும்ப உள்ள இழுக்கணும். அது இழுக்காததுனால இருக்கற உப்பெல்லாம் தோலு வழியா ஓடிருது. கூடிப்போகலம்மா, உடம்புல குறைஞ்சுபோச்சு. இந்த வெயிலுக்கு இவனுக்கு நம்மளவிட ரெண்டு பங்கு உப்பு குடுக்கணும்."

பஞ்சம்மாள் மகனின் வீங்கிய வயிற்றில் கையை வைத்தாள்.

"வலது பக்கம் அடிவயித்துல கட்டியா அடைச்சு நிக்குது. கையில உப்புத்தண்ணி ஏறுது. மூக்கு வழியா இளக்குற மருந்து போகுது. சாயந்திரத்துக்குள்ள இளகணும். இல்லைனா மதுரைக்கு அனுப்பணும், ஆபரேசன்வரைக்கும் போகலாம்." எழுந்தவள் கதவருகே நின்று திரும்பினாள். "மதுரையில எழுதிக் குடுத்த பேப்பர் ஏதாச்சும் இருந்தா எடுத்து வைங்க. பார்க்கணும்."

டாக்டர் சொன்ன கதவுக் கதை மகாலட்சுமிக்குப் புதிதல்ல. மூன்றாம் பருவத்தில் அதற்கு ஒரு பாடமே இருந்தது. காலராக் கிருமி குடலுக்குள் போய் இதே கதவை மூடவிடாமல் செய்துவிடும், உடம்புத் தண்ணீரெல்லாம் கொட்டிப் போகும், அந்தக் கதவு பிறவியிலேயே திறக்காதவர்களும் உண்டு என்று பேராசிரியர் சொன்ன அன்று, அவள் நோட்டின் ஓரத்தில் இரண்டு வீடுகளும் அவற்றின் முன்னால் வேடிக்கை பார்க்கும் ஆட்களும் வரைந்தாள். ஒன்று கதவே மூடாத வீடு. மற்றது கதவே திறக்காத வீடு. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாகவும் ஒன்று வரைந்தாள். எல்லாக் கதவும் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடும் வீடு அது. அதன் முன்னால் யாரையும் வரையவில்லை. அப்படிப்பட்ட வீட்டை யார் நின்று பார்க்கப்போகிறார்கள்?

சுருளிப்பட்டியில் அவர்கள் வீடு முழுக்க ஒரு சத்தம்தான் கேட்கும். அருண்பாண்டிக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் சளி கட்டும். உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டினால் இளகும் என்று யாரோ ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். காலையில் இருபது நிமிடம், பொழுது சாய இருபது நிமிடம். பொத் பொத்தென்று அம்மாவின் கை அவன் முதுகில் விழும் சத்தம் சுவர் தாண்டி வரும். மகாலட்சுமி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதை எண்ணுவாள். தட்டி முடித்து அம்மா அவன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுப்பாள். "என் தங்கம் கரிக்குது" என்பாள். ஒருநாள் மகாலட்சுமி யாருமில்லாதபோது தன் முழங்கையை நக்கிப் பார்த்தாள். கரிக்கத்தான் செய்தது. ஆனால் சும்மா, எல்லோருக்கும் கரிப்பதுபோல.

மதுரையில் வியர்வையைச் சோதித்துக் கடைசியில் நோய்க்குப் பெயர் கண்டுபிடித்த அன்று, அம்மா அவனை அழைத்துக்கொண்டு மருந்துக்கடை வரிசையில் நின்றாள். டாக்டர் மகாலட்சுமியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நீ படிக்கிற பிள்ளை. அம்மாவுக்கு விவரமாச் சொல்லணும்" என்றார். சாப்பாட்டோடு மாத்திரை. நெய், முட்டை தாராளமாக. உப்பு நிறைய, வெயில் காலத்தில் இன்னும் நிறைய. எலுமிச்சைச் சாற்றில் போட்டாவது குடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கடைசி வரியில், கூடப் பிறந்தவர்களுக்கும் வியர்வைச் சோதனை செய்து பார்ப்பது நல்லது என்றிருந்தது.

அந்தக் கடைசி வரியைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். திரும்பி வரும் பேருந்தில் தம்பி அம்மாவின் மடியில் தலைவைத்து இரண்டு பேர் இடத்தில் படுத்திருந்தான். உசிலம்பட்டிவரை நின்றுகொண்டே வந்த மகாலட்சுமி குனிந்து சொன்னாள்: "எம்மா, எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காக."

"உனக்கென்னடி? எருமைக்கன்னு கணக்கா இருக்க" என்றாள் அம்மா. பிரியமாகத்தான் சொன்னாள். திருஷ்டி படக்கூடாதென்று விரலைக்கூட நெட்டி முறித்தாள். மகாலட்சுமி மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மா, வேர்வையில் உப்பு கூடிப்போச்சென்று சோதனை எடுத்தவர்கள் சொன்னதை நினைத்து, உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். வீரபாண்டி ஆத்தா கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாச்சு, அது முடிகிறவரை இந்த வீட்டில் உப்பில்லை, நான் நேர்ந்துகொண்டேன் என்றாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அப்பா வேலுச்சாமி சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குத் திராட்சைக்கு அடிக்கிற மருந்தையே குடிச்சிரலாம் போல" என்று முனகினார். மகாலட்சுமி சொல்லத்தான் வந்தாள். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அம்மா மகனின் தாடையைப் பிடித்து, "உனக்காக அம்மா உசுருள்ளவரைக்கும் உப்பு திங்க மாட்டேன்டா ராசா" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் மகாலட்சுமி டெங்கு வந்து பதினோரு நாள் படுத்திருந்தாள். அப்போது இந்த வீட்டில் யாரும் அவளுக்காக ஒரு வாய் காப்பியைக்கூடக் குடிக்காமல் விடவில்லை. இன்று ஒருநாள் உப்பில்லாமல் தின்னட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் உப்புக்கடலை வாங்கித் தின்றாள். ஐந்தாம் நாள் அருண்பாண்டி, "அக்கா, கெண்டைக்கால் இழுக்குது" என்றான். அவள் கை தானாகவே பைக்குள் இருந்த நோட்டுக்குப் போனது. அம்மா அதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அவன் இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மகாலட்சுமி நோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாகிப்போனது. சொன்னால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

இன்று காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனவன் திராட்சைப் பந்தலுக்கடியில் வாந்தி எடுத்து விழுந்தான்.

ஆஸ்பத்திரி அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அப்பா ரத்தச் சோதனைக்குக் கொடுத்த குப்பியோடு வெளியே போயிருந்தார். பஞ்சம்மாள் அழவில்லை. குனிந்து மகனின் நெற்றியைப் பார்த்தாள். வியர்வை காய்ந்து அங்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. அதில் வாயை வைத்தாள்.

"இத்தன வருசம் கரிக்குது கரிக்குதுன்னு கொஞ்சுனேனே. என் பிள்ளை ஒழுகிக்கிட்டு இருந்திருக்கான். அது தெரியாம, மிச்சம் இருந்ததையும் நானே புடுங்கிட்டேனே."

அந்த நேரத்திலும் அந்த முத்தத்தைப் பார்த்து மகாலட்சுமியின் நெஞ்சில் பழைய முள் ஒருமுறை குத்தியது. குத்தியதை அவளே உணர்ந்தாள்.

அருண்பாண்டி கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்து விரலை அசைத்தான். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"உன் பையில கடலை வாசம் அடிக்கும்ல," என்றான். குழாயினால் குரல் மூக்கிலிருந்து வந்தது. "அம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல பாத்தியா?"

சிரிக்கப் பார்த்து, வயிறு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

"என்னடா சொல்ற அவகிட்ட? பேசாமப் படுடா" என்றாள் பஞ்சம்மாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல நிமிர்ந்தாள். கட்டிலைச் சுற்றி மகளிடம் வந்தாள். உள்ளங்கை மகாலட்சுமியின் முதுகில் பதிந்தது. இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட கை. சூடாக இருந்தது, கனமாக இருந்தது.

"தாயி, மதுரையில உன் கையிலதான ஒரு காகிதம் குடுத்தாக? டாக்டரம்மா வர்றதுக்கு முன்னால எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டு ஆத்தா. இங்கிலீசுல இருந்தாலும் பரவாயில்ல, நீ தமிழ்ல சொல்லு. உப்பைப் பத்தி அதுல என்ன போட்டிருக்குன்னு நான் தெரிஞ்சுக்கிறணும். ஒரு வரி விடாம வாசி."