உடைப்பில் படுத்திருக்கும் முறை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரில் ஊரின் வரலாற்றை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து யாராவது வெளியூர் போனால், திரும்பி வரும்வரை அவர் வீட்டு ஆள் ஒருவர் போய் அந்த இடத்தில் இருக்க வேண்டும். முதல் ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர் போனால் அவர் பேரன் போய்க் கொடி பிடிப்பான். எங்கள் வீட்டுக்கு ஏரி உடைப்பு. பெருமழையில் கரை உடைந்தபோது குறுக்கே படுத்துத் தண்ணீரை மறித்தவர் எங்கள் முப்பாட்டன் ஏகாம்பரம்.

இந்தத் தை மாதம் அவர், செய்யாறு மார்க்கெட் சுவரில் வாழ்க்கைப்பட்ட தன் மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனார். காணும் பொங்கல் கழிந்தும் வரவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் படுத்துப் பார்த்தேன். குள்ளம் என்பதால் இரண்டு பக்கமும் ஒழுகி, தள்ளுவண்டி வாழைப்பழமெல்லாம் மிதந்தது. பிறகு குமுதா அக்கா போய்ப் படுத்தாள். அக்கா நல்ல உயரம். உடைப்புக்கு அதனால்தான் பொருந்தினாள். வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதும் அதனால்தான்.

அன்றைக்கு ஆரணியிலிருந்து வேனில் பெண் பார்க்க வந்தார்கள். இதுவும் தட்டினால் ஜாதகத்தைக் கிணற்றில் போட்டுவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். சொஜ்ஜி பஜ்ஜித் தட்டோடு எல்லோரையும் சுவருக்கு அழைத்துப் போனோம்.

"பொண்ணு எழுந்து நிக்காதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எழுந்தா டவுன் பஸ்ஸெல்லாம் நனைஞ்சிடும் சம்பந்தியம்மா," என்றாள் அம்மா.

"இன்னும் சம்பந்தி ஆகலை." ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். "படுத்திருந்தா ஒயரம் எப்படித் தெரியும்?"

"நானே சொல்லிடுறேன் அத்தை," என்றாள் அக்கா சுவரிலிருந்து. "எந்த வீட்டு நிலையிலயும் குனிஞ்சுதான் நுழைவேன்."

மாப்பிள்ளை தசரதன் செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை மடித்துக்கொண்டு சுவரில் ஏறி அக்கா பக்கத்தில் படுத்தார்.

"கால் எட்டலையேடா," என்றார் அவர் அம்மா.

"ஒழுகுதான்னு பாரும்மா."

அந்த அம்மா குனிந்து சுவரடியைத் தடவினார். பல வருஷமாக ஈரமாகவே இருந்த இடம் காய்ந்திருந்தது.

"சொட்டுகூட இல்லடா."

"அப்புறம் என்ன?"

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். அம்மா அழுதாள். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

அப்போது செய்யாறு பஸ்ஸிலிருந்து ஏகாம்பரம் இறங்கினார். உடம்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தார்.

"எடம் இல்லையா?"

"ரெண்டு பேர் இருக்காங்க தாத்தா," என்றேன்.

"பேசிட்டிருக்காங்களே. பேசட்டும், பேசட்டும்."

போய் வேனில், மாப்பிள்ளை வந்த ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா ஏறித் தலைகளை எண்ணினார். வந்தபோது இருந்த கணக்கு சரியாக இருந்தது.

"எதுக்குடா இப்படி நனைஞ்ச? தலையைத் துவட்டு," என்று ஏகாம்பரத்திடம் துண்டைக் கொடுத்தார்.

வேன் புறப்பட்டது.