பெட்டியில் மிஞ்சிய சோளம்

பவர் டில்லரின் பின்னால் பூட்டியிருந்த விதைப்பெட்டியின் மூடியை அவள் திறந்து பார்த்தாள். இரண்டு ஏக்கரும் விதைத்து முடித்தாயிற்று. ஒரு பிடி மிஞ்சியிருந்தால் நியாயம். கிட்டத்தட்டப் பாதிச் சோளம் போட்டது போட்டபடி கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க."

அவள் கணவன் பவர் டில்லரை அணைத்துவிட்டு வந்தான். அவள் குனிந்து பார்த்தாள். விதை இறங்கும் ஐந்து குழாயில் இரண்டில் ஈரமண் அடைத்திருந்தது. அந்தக் குழாய்கள் போன சால் ஓரம் உட்கார்ந்து விரலால் தோண்டினாள். விதை இல்லை. நாலு தப்படி தள்ளித் தோண்டினாள். அங்கேயும் இல்லை. மாட்டு ஏருக்குப் பின்னால் நடந்தபோது ஒவ்வொரு விதையும் அவள் கையிலிருந்து விழுந்தது. இந்த மிஷின் போடுவதும் கண்ணுக்குத் தெரியாது, மூடுவதும் தெரியாது.

தப்பு எங்கே என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. நகரும்போதுதான் சால் கீறும் கொழுவை இறக்க வேண்டும், நின்றபடி இறக்கினால் குழாயில் மண் ஏறும் என்று மிஷினோடு வந்த மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவனோ ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, கொழுவை அழுத்தி ஊன்றிவிட்டுத்தான் கிளப்பினான். இருபது வருட மாட்டு ஏர்ப் பழக்கம் லேசில் போகுமா? பின்னால் நடந்த அவளுக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நேற்றுப் பெய்த மழை. மேல்மண் ஈரம் சாயங்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம். பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து மிஷின் ஒன்று, ஆளுக்கு அரைநாள். அடுத்த முறைக்காரர் விதைமூட்டையோடு வரப்பில் வந்து நின்றுவிட்டார். ஊரில் அவருக்கு 'அவசரம்' என்றே பட்டப்பெயர். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, வழியிலேயே பஸ்ஸைக் கோட்டை விடுகிற ஆள்.

"அண்ணே, ரெண்டு குழா அடைச்சுக்கிச்சு. ஒரு மணி நேரம் குடுங்க, புண்ணியமாப் போகும்."

"ஏம்மா, என் நெலத்து ஈரம் மட்டும் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

"விடு. அவரு முறை," என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி.

"வாய மூடுங்க. எல்லாம் உங்களாலதான்."

பெட்டியில் கிடந்த சோளத்தை அள்ளிவிட்டு, அவள் கம்பியால் குழாயைக் குத்தி மண்ணை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவசரம் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். "இருங்கண்ணே, எறக்கும்போது..." என்று அவள் ஆரம்பித்ததை எஞ்சின் சத்தம் விழுங்கியது.

மிஞ்சிய சோளத்தை மடியில் கட்டிக்கொண்டு வெற்றுச் சாலில் இறங்கினாள். கணவன் குச்சியால் கீறிக்கொண்டே முன்னால் போக, அவள் போட்டுப் போட்டுக் காலால் மூடினாள். உச்சி வெயில் முதுகைப் பொசுக்கியது. காலையில் கறுத்திருந்த மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். முதல் கணு வரை காய்ந்துவிட்டது. இரண்டாவது கணுவில்தான் குளிர்ச்சி தட்டியது. இன்னும் முக்கால் நிலம் பாக்கி.

வரப்புக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் தணிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவசரம் நிலத்தின் கோடியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கொழுவைக் காலால் மிதித்து மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

நல்லா வேணும், என்று தோன்றியது. ஒரு மணி நேரம் தரமாட்டேன் என்றவர்தானே. அவள் குனிந்து இன்னும் நாலு விதை போட்டாள். ஐந்தாவது விதை கையிலேயே நின்றது.

"அண்ணே! நிக்கும்போது எறக்காதீங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சின் மறுபடி உறுமியது.

"எங்கடி போற? ஈரம் போகுது!" என்று கணவன் கத்தினான்.

அவள் வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். மடி அவிழ்ந்து, சோளம் வழியெல்லாம் சிந்தியது.